சைட்டேஷன்: மேற்கோளா, சுட்டுகையா?

சிறுநீரக நோய் ஆய்வில் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவருக்குப் பாளையங்கோட்டையில் நடந்த பாராட்டு விழாவின் அழைப்பிதழில், 'மேற்கோள் தாக்கத்தின் வழியே சிறுநீரக நோயில் பெருந்தாக்கம் விளைவித்தவர்' என்று அச்சிட்டிருந்தார்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் என் தாய்மாமா அதைத் தள்ளிப் பிடித்து வாசித்துவிட்டு, "ஏ மருமவனே, நோயி தாக்குனது பத்தாதுன்னு டாக்டரும் தாக்கிட்டாரா?" என்று கேட்டார். 'சைட்டேஷன் இம்பாக்ட்' என்ற ஆங்கிலத் தொடரைத்தான் 'மேற்கோள் தாக்கம்' என்று பெயர்த்திருந்தார்கள். நாளிதழ்களிலும் மலர்களிலும் இந்தத் தொடரை இதுகாறும் பொறுத்துக்கொண்டிருந்த எனக்கு அன்று பொறுமை போய்விட்டது.

சைட்டேஷன் என்பதன் வேர், அழைத்தல் என்று பொருள்படும் 'சிட்டாரே' என்ற இலத்தீன் வினை. நீதிமன்ற அழைப்பாணைக்கும் ஆங்கிலத்தில் இச்சொல் வழங்கியதுண்டு. ஆய்வுலகில், ஒரு கட்டுரை தனக்கு முந்தைய கட்டுரையைச் சான்றுக்கு அழைத்து நிறுத்துவது சைட்டேஷன். அவ்வாறு அழைக்கப்பட்ட முறைகளை எண்ணும் அட்டவணையை யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கத் தகவலியல் அறிஞர் 1955இல் முன்மொழிந்து, 1960களில் வெளிக்கொணர்ந்தார்.

மேற்கோள் என்பதோ பிறர் சொல்லை அவர் சொன்னபடியே எடுத்துக் காட்டுவது. பட்டிமன்றப் பேச்சாளர் குறளை ஓதுவது மேற்கோள். காக்ராஃப்ட், கால்ட் என்ற மருத்துவர் இருவர் 1976இல் 'நெஃப்ரான்' என்னும் சிறுநீரகவியல் இதழில் ஒரு வாய்பாடு தந்தார்கள்: 140இலிருந்து வயதைக் கழித்து, உடல் எடையால் பெருக்கி, இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் அளவின் 72 மடங்கால் வகுத்தால், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஏறத்தாழ மதிப்பிடலாம். அதைக் கையாண்ட கட்டுரைகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றில் பெரும்பாலானவை அவ்விருவரின் வாக்கியம் ஒன்றைக்கூட எடுத்துக் காட்டுவதில்லை. வரியின் முடிவில் சிறிய எண் ஒன்று நிற்கும், கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு எதிரே அவர்கள் கட்டுரையின் பெயர் இருக்கும், அவ்வளவே. அந்த வாய்பாடு பருத்த உடலினருக்குப் பிழைபடுகிறது என்று மறுக்க வந்தவர் இட்ட எண்ணும் அதே கணக்கில்தான் ஏறுகிறது. இதில் மேற்கோள் எங்கே இருக்கிறது? முன்னோரின் 'மொழிபொருள்' வேறு, அவர்தம் 'மொழி' வேறு என்று நன்னூல் பாயிரம் பிரித்தே பேசுகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள்தாம் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறார்கள்.

தாக்கம் இன்னும் மோசம். இம்பாக்ட் என்ற சொல் வந்த இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தாக்கம் என்று எழுதுகிறார்கள். வெயிலின் தாக்கம், புயலின் தாக்கம் என்பவை பொருந்தும்; ஒரு கட்டுரை பிற ஆய்வாளர்க்குப் பயன்பட்டதைத் தாக்கம் என்பது எப்படிப் பொருந்தும்? இதழ்களை அளக்கும் எண்ணுக்குத் 'தாக்கக் காரணி' என்று பெயரிட்டிருப்பது அதன் உச்சம். இதழ் ஒன்று முந்தைய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டில் எத்தனை முறை சுட்டப்பட்டன என்பதை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் ஈவு அது. ஈவு எதற்கும் காரணமாகாது. அதிலும் மருத்துவக் கட்டுரையில் காரணி என்றால், சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும்போல் சிறுநீரகத்தைக் கெடுப்பது என்றே வாசகர் கொள்வார்.

சைட்டேஷனுக்குச் சுட்டுகை என்பதே என் தெரிவு. அ, இ, உ என்ற சுட்டெழுத்துகளைப் பள்ளியில் படித்தவர் எவருக்கும் அது விளங்கும். இம்பாக்ட்டுக்குப் புதிய சொல் ஆக்கவே வேண்டாம்; செல்வாக்கு இருக்கிறது. ஒருவர் வாக்கு பிறரிடம் செல்லுபடியாவதுதான் செல்வாக்கு. அரசியல் வாடை அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும், அடிதடி வாடைக்கு அது தேவலை.

தமிழாசிரியரான நண்பர் ஒருவர் எழுப்பிய தடையைச் சொல்லாமல் விடக்கூடாது. பிறர் எழுத்தைத் திருடுவதையும் இப்போது 'சுட்டுட்டான்' என்கிறார்களே, நன்றியோடு பெயர் சொல்வதற்கும் அதே சொல்லா என்றார். அது சுடு என்னும் வினையிலிருந்து வருவது. இறந்தகாலத்தில் சுட்டான் என்றாகும். இது சுட்டு என்னும் வினை, சுட்டினான் என்றாகும். இடையில் நிற்கும் 'இன்' என்ற இடைநிலை இரண்டையும் பிரித்துவிடுகிறது. அழைப்பிதழிலும், 'சிறுநீரக நோய் குறித்த இவருடைய கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் மிகுதியாகச் சுட்டியிருக்கிறார்கள்' என்று அச்சிட்டிருந்தால், மாமா அடுத்த வரிக்குப் போயிருப்பார்.