பிசான நெல்லுக்கு மருந்து அடிக்கும் முன் வேளாண் துறையிடம் கேட்டுப் பெற வேண்டியவை

நெல்லைப் பக்கத்தில் பிசானம் என்கிற நெல் பருவத்தில் நடவு முடிந்து இருபது நாள் ஆகியிருக்கும். இலையில் நாலு வெள்ளைக் கோடு தெரிந்ததும் மருந்துக்கடைக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற பாட்டிலை வாங்கி வந்து அடித்துவிடுகிறோம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி பக்கம் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் பார்த்தவரை, நம் செலவில் முதலில் குறைக்கக்கூடியது இந்த முதல் தெளிப்புதான்.

காரணம் இதுதான். அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடிக்கிற, அதாவது தூர் கட்டும் பருவத்தில் நெற்பயிருக்கு நல்ல தாங்கும் சக்தி உண்டு. இலைச்சுருட்டுப் புழு கொஞ்சம் சுரண்டினாலும் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். ஆனால் அந்த நேரத்தில் அடிக்கிற மருந்து வயலில் இருக்கும் சிலந்தி, தட்டான், பொறிவண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்று கட்டுக்குள் வைப்பவை இவைதான். இவை இல்லாத வயலில் பின்னால் புகையான் பெருகி, பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகும். அப்புறம் அடிக்கிற மருந்துக்குக் கணக்கே இல்லை.

இதைத் தடுக்கத்தான் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை: நன்மை செய்யும் பூச்சிகளைக் காத்து, சேதம் அளவைத் தாண்டினால் மட்டும் மருந்து அடிக்கும் முறை. மத்திய அரசு 1985லேயே இதைப் பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. நம் ஊர் விவசாயிக்கு இது வந்து சேரும் வழிகளில் முக்கியமானது உழவர் வயல்வெளிப் பள்ளி. 1989ல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளிடம் தொடங்கிய முறை இது. சுமார் முப்பது விவசாயிகள், ஒருவருடைய வயல், வாரம் ஒரு நாள் என்று பதினான்கு வாரம் நடக்கும். கட்டணம் கிடையாது. பாடம் வயலில்தான். ஒரு பகுதியில் வழக்கம்போல் மருந்து, பக்கத்துப் பகுதியில் பார்த்துப் பார்த்துச் செய்யும் முறை என்று இரண்டையும் அறுவடை வரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். திருச்சியில் இருக்கும் மத்திய ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை மையம் இத்தகைய பள்ளிகளை நடத்துகிறது. மாநில வேளாண் துறையும் அட்மா என்ற வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தில் பண்ணைப்பள்ளி நடத்துகிறது.

அங்கே கற்றுக்கொள்ளும் பெரிய விஷயம் எண்ணிக்கை, அதாவது சேதம் எவ்வளவு ஆனால் மருந்து தேவை என்பது. தண்டைக் குடையும் குருத்துப்பூச்சி என்றால் நூறு தூரில் பத்துக்கு நடுக்குருத்து காய்ந்திருந்தால்தான், அல்லது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இலைச்சுருட்டுப் புழுவுக்குத் தூர் கட்டும் பருவத்தில் பத்து சதவீத இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கதிரை ஒட்டி வரும் கடைசி இலையான கண்ணாடி இலையில் ஐந்து சதவீதம். புகையானுக்குத் தூருக்கு ஒன்று; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இருபது தூர் உள்ள ஒரு குத்தில் ஒரு குருத்து காய்ந்திருப்பதைப் பார்த்துப் பதறுகிறோமே, அது ஐந்து சதவீதம்தான்.

பள்ளியில் சேர உங்கள் ஊருக்குப் பொறுப்பான உதவி வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள். தனியாகக் கேட்பதைவிட, ஒரே கால்வாயில் தண்ணீர் பாய்கிற இருபது முப்பது பேர் சேர்ந்து, நாற்றங்காலுக்கு முன்பே எழுதிக் கொடுப்பது நல்லது. பயிர் நட்ட பிறகு கேட்டால் பாதி பாடம் போய்விடும்.

அடுத்தது பொருட்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை போன்றவற்றை மானியத்தில் கொடுக்கிறார்கள். கிலோ விதைக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைத்தாலே குலைநோய்க்கு எதிரான முதல் காப்பு ஆகிவிடும். ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல், கைபேசி எண் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டாரத்துக்கு வரும் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டிவரும், அதனால் முந்திக்கொள்ளுங்கள். உழவன் செயலியிலும் மானியத் திட்டங்களைப் பார்த்துப் பதியலாம்.

முட்டை ஒட்டுண்ணி அட்டை மட்டும் வேறு மாதிரி. பூச்சியின் முட்டையை அழிக்கும் சின்னக் குளவிகள் இந்த அட்டையிலிருந்து வெளிவரும். அது உயிருள்ள பொருள். வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ள முடியாது. குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், ஏக்கருக்கு 2 சி.சி. (அட்டையில் உள்ள ஒட்டுண்ணியின் அளவு), நட்ட 30ஆம் நாளும் 37ஆம் நாளும் கட்ட வேண்டும். அந்தத் தேதியைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காலையிலோ மாலையிலோ இலையின் அடிப்பக்கம் கட்டுங்கள். கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மருந்து அடித்தால் செய்த வேலை வீண்.

சரி, அளவைத் தாண்டிவிட்டது, மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால்? 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன் விதிகளும் உங்களுக்குச் சில உரிமைகள் தருகின்றன. கடைக்கு உரிமம் இருக்க வேண்டும். பில் கொடுத்தாக வேண்டும். காலாவதியான மருந்தை விற்கக் கூடாது. பாட்டிலோடு விளக்கத்தாள் வர வேண்டும். பாட்டில் லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தையும் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி. ஒரு பிசானத்தில் பில் இல்லாமல் வாங்கிய மருந்து எங்கள் வயலில் ஒன்றும் கேட்கவில்லை. புகார் சொல்லப் போனபோது, எந்தக் கடை, எந்தத் தொகுதி (பேட்ச்) எண் என்று காட்ட கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பில் இருந்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பூச்சிக்கொல்லி ஆய்வாளர்களுக்குக் கடையில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப அதிகாரம் உண்டு. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுவாகக் கொடுக்கலாம்.

என்ன பூச்சி என்றே தெரியவில்லையா? பாதித்த குத்து ஒன்றை வேரோடு பிடுங்கி, விரிவாக்க மையத்துக்கோ அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். போக முடியாதவர்கள் கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லாத 1800 180 1551 என்ற எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். நட்டு எத்தனை நாள், நூறு தூரில் எத்தனை காய்ந்திருக்கிறது, இதற்கு முன் என்ன அடித்தீர்கள் என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.