ஸ்கெட்ச் பேனா ஏன் காய்கிறது, ரப்பர் ஏன் ஸ்கேலோடு ஒட்டிக்கொள்கிறது?

குழந்தைகளின் வரைபொருட்களை எடுத்து வைக்கும்போது நாம் பார்ப்பது அளவை, அல்லது நிறத்தை. நீளமானதெல்லாம் ஒரு டப்பா, குட்டையானதெல்லாம் இன்னொன்று. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பொருள் எதனால் கெடுகிறது என்பதற்கு அதன் அளவோடு ஒரு சம்பந்தமும் இல்லை. எது காய்ந்தால் வீணாகும், எது காயாவிட்டால் வீணாகும், எது எதைத் தொடக்கூடாது என்று பார்த்துப் பிரித்தால் எல்லாமே இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.

ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொள்வோம். பால்பாயிண்ட் ரீஃபில் போல இதற்குள் மை ததும்பிக்கொண்டிருப்பதில்லை. மெல்லிய செயற்கை இழைகளாலான ஒரு நீண்ட திரி இருக்கிறது. அந்த இழைகளுக்கு நடுவேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில் மை தங்கியிருக்கிறது. முனையும் இழைகளால் ஆனதுதான், இன்னும் நெருக்கமாக இறுக்கப்பட்டது. இடைவெளி குறுகக் குறுகத் திரவத்தை இழுக்கும் வலு கூடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மை தானாகவே முனைக்கு வருகிறது, காகிதத்தைத் தொட்டதும் அதன் இழைகளுக்குள் இறங்குகிறது.

மூடியைக் கழற்றிப் போட்டால் நடப்பதும் இதே இழுப்புதான். முனையிலுள்ள நீர் ஆவியாகிறது, அந்த இடத்தை நிரப்ப உள்ளிருந்து மை வருகிறது, அதிலுள்ள நீரும் ஆவியாகிறது. சாயத்தால் ஆவியாக முடியாது. அது முனையிலேயே சேர்ந்து சேர்ந்து துளைகளை அடைத்துவிடும். செத்துப்போனதாக நினைத்துத் தூக்கிப் போடும் பேனாவுக்குள் பல சமயம் மை மிச்சம் இருக்கும். தண்ணீரில் கழுவினால் போகும் வகை மை என்றால், முனையைச் சில விநாடிகள் தண்ணீரில் நனைத்து, மூடி, ஓர் இரவு படுக்க வைத்துப் பாருங்கள். பிழைக்க வாய்ப்பு உண்டு. பெர்மனன்ட் மார்க்கருக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதில் மையைக் கரைத்து வைத்திருப்பது பெரும்பாலும் ஆல்கஹால்.

படுக்க வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முனை மேலே பார்த்தபடி நின்றுகொண்டே இருக்கும் பேனாவில் மை மெல்ல மெல்ல அடிப்பக்கம் இறங்கும். ஒயிட்போர்டு மார்க்கரில் கரையாத நிறமித் துகள்களும் இருப்பதால் நிலைமை இன்னும் மோசம். மேசைமேல் கோப்பையில் பூங்கொத்து மாதிரி செருகி வைப்பது படமெடுக்கத்தான் நல்லது. தட்டையான தட்டே பேனாவுக்கு உகந்தது.

மூடியின் உச்சியில் ஓட்டை இருக்கிறதே, அதன் வழியே காற்று போகாதா? போகும், போகத்தான் வேண்டும். குழந்தை மூடியை விழுங்கி அது மூச்சுக்குழாயில் சிக்கினாலும் காற்று போய்வர வழி இருக்கட்டும் என்பதற்காக வைத்தது அது. இத்தகைய மூடிகளின் பாதுகாப்புக்கென்றே ஐஎஸ்ஓ 11540 என்ற சர்வதேசத் தரவிதி உண்டு. முனையை அடைத்து வைப்பது உள்ளே மறைந்திருக்கும் இன்னொரு சிறு மூடி. அரைகுறையாக அழுத்தினால் அது பொருந்தாது.

அப்புறம் ரப்பர். இன்று கிடைக்கும் வெள்ளை ரப்பர்கள் பலவும் பிவிசியால் ஆனவை. தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிவிசிதான், இயல்பில் கெட்டியானது. அதை மிருதுவாக்க எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள், பிளாஸ்டிசைசர் என்று பெயர். அது பிவிசியோடு வேதிப்பிணைப்பில் இல்லை, சும்மா ஊடே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஸ்கேலோ டப்பாவோ மாதக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால், மெல்ல அதற்குள் குடியேறி அதையும் இளக்கிவிடும். ஸ்கேலில் ரப்பரின் அச்சு பள்ளமாகப் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பரைச் சுற்றியுள்ள காகித உறை இதைத் தடுக்கும் என்பதால் அதைக் கிழிக்காமல் விடுவது நல்லது. டப்பா வாங்கும்போது அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 6 என்றால் பாலிஸ்டைரீன், ரப்பருக்கு ஆகாது, 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், கவலையில்லை.

களிமண்ணிலும் இரண்டு ஜாதி. மாவு, உப்பு, தண்ணீர் கலந்த விளையாட்டு மாவு நீரை இழந்தால் வெடித்துவிடும், காற்றுப் புகாத டப்பா அதற்குக் கட்டாயம். பிளாஸ்டிசின் வகை காயவே காயாது. மாணவர்கள் பயன்படுத்திய களிமண் சீக்கிரம் காய்ந்துபோகிறதே என்று இங்கிலாந்தில் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர் 1897இல் உருவாக்கியது அது. நீருக்குப் பதில் பெட்ரோலியம் ஜெல்லி சேர்த்தார். மூடி அதற்கு அவசியமில்லை. ஆனால் பக்கத்தில் காகிதம் இருந்தால் எண்ணெய்க் கறை நிச்சயம்.

வெள்ளைப் பசையும் அக்ரிலிக் பெயிண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டிலும் பிளாஸ்டிக் போன்ற பாலிமரின் நுண்ணிய துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் போனதும் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடும். மறுபடி தண்ணீர் ஊற்றி அதைக் கரைக்க முடியாது. வில்லைகளாக வரும் வாட்டர் கலரின் கதை நேர் எதிர். அதில் நிறமியைப் பிடித்திருக்கும் அரபுக் கோந்து எத்தனை முறை காய்ந்தாலும் மீண்டும் கரையும். ஈரத்தோடு மூடி வைத்தால்தான் அதற்கு ஆபத்து, பூஞ்சை பிடிக்கும். திறந்தபடி காயவிட்டு மறுநாள் மூடினால் போதும்.

கிரேயான் வெறும் பாரஃபின் மெழுகும் நிறமியும்தான். 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே இளகத் தொடங்கும், எனவே வெயிலில் நிற்கும் காரும் ஜன்னல் விளிம்பும் வேண்டாம்.

கழுவிய பிரஷ்ஷை மயிர் மேலே பார்க்க நிற்க வைத்தால் ஈரம் உலோகப் பூணுக்குள் இறங்கும். மரக்காம்பு ஊறிப் பருக்கும், பூணுக்குள் மயிரைப் பிடித்திருக்கும் பசை தளரும், மயிர் உதிரும். காயும் வரை அதையும் படுக்கப் போடுங்கள்.