குளோன்: நகலா, படியா, போத்தா?

முருங்கைக் கிளையைக் கைத்தடி அளவுக்கு வெட்டி வேலியோரம் ஊன்றி வைத்தால் மழைக்குத் துளிர்த்துவிடும். அந்தத் துண்டுக்குக் கிராமத்தில் போத்து என்று பெயர். கிரேக்கத்தில் ‘க்ளோன்’ என்றாலும் ஏறக்குறைய இதேதான்: சுள்ளி, இளங்கிளை, நடுவதற்கு ஒடித்த கொம்பு. மாட்டிறைச்சியையும் பாலையும் பற்றி மேல்நாடுகளில் சண்டை நடக்கும்போதெல்லாம் அடிபடுகிற ‘குளோன்’, அதாவது ஓர் உயிரின் மரபணுவை அப்படியே கொண்டு உருவாகும் இன்னொன்று, முளைத்தது இந்தக் கொம்பிலிருந்து. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் வெபர் என்ற அமெரிக்கப் பயிரியலாளர். ஆண்டு 1903. விதை இல்லாமல் கரணை, கிழங்கு, ஒட்டு வழியாகப் பெருக்கிய பயிருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் பெயர் வைத்தது தனியொரு செடிக்கு அல்ல. ஒரே தாயிலிருந்து வந்த கூட்டம் மொத்தமும் சேர்ந்துதான் ஒரு குளோன். அந்தக் கணக்கில் பக்கக்கன்று வைத்து வளர்த்த வாழைத்தோப்பும், கரணை நட்ட கரும்புக் கொல்லையும் குளோன்களே. காலையில் வாழைப்பழம் தின்றுவிட்டு, குளோன் உணவு ஆபத்தா என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரிப்பார்கள், ஆனால் கவலை போகாது.

கவலைக்குக் காரணம், சொல் செடியை விட்டு விலங்குக்குத் தாவியதுதான். 1963-இல் அச்சான ஓர் உரையில் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் அதை மனிதர்மேலேயே ஏற்றிப் பேசினார். (பிறப்பால் ஆங்கிலேயர் என்றாலும் அப்போது இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரத்தில் குடியிருந்தார்.) 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தில் டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்தது. வளர்ந்த ஆட்டின் மடிச் செல்லை, மரபணு அடங்கிய உட்கருவை நீக்கிய ஒரு கருமுட்டையோடு மின்துடிப்பால் இணைத்து, வேறொரு ஆட்டின் கருப்பையில் வைத்து ஈனச் செய்தார்கள். இணைத்தவை 277. பிழைத்துப் பிறந்தது ஒன்று.

அந்த 277-தான் என் பார்வையில் விவாதத்தின் மையம். ஆனால் விவாதம் போனது வேறு பக்கம். தின்றால் என்ன ஆகும் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008 ஜனவரியில் பதில் சொன்னது: குளோன் செய்த மாடு, பன்றி, வெள்ளாடு ஆகியவற்றின் இறைச்சியும் பாலும் மற்றவற்றைப் போலவே பாதுகாப்பானவை. செம்மறியைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்று விட்டுவிட்டது. தனியாக லேபிள் ஒட்டவும் கட்டாயப்படுத்தவில்லை. ஐரோப்பாவுக்கு இது செரிக்கவில்லை. 2015 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம், பண்ணை விலங்குகளைக் குளோன் செய்வதையும் அவற்றின் வாரிசுகளிலிருந்து வரும் உணவையும் தடை செய்ய வேண்டும் என்று வாக்களித்தது. அங்கே பேச்சில் கால்நடை நலன் முன்னால் நின்றது. குளோன் கருக்கள் பல கலைந்துபோகும். கன்று வயிற்றிலேயே அளவுக்கு மீறிப் பெருத்து, சுமக்கிற பசுவையும் வாட்டும்.

இதற்கு நடுவே ‘குளோன் இறைச்சி’ என்ற சொற்றொடர் செய்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பெருஞ்செலவில் உருவாக்கிய குளோன் காளையை யாரும் கறிக்கு வெட்டமாட்டார்கள். அது விந்துக்காக வளர்கிறது. கடைக்கு வந்தால் வருவது அதன் பிள்ளைகள், சாதாரணமாகக் கருவுற்றுப் பிறந்தவை. பிரிட்டனில் 2010-இல் எழுந்த கூச்சல் அப்படித்தான். அமெரிக்கக் குளோன் பசு ஒன்றின் வழிவந்த காளையின் கறி விற்பனைக்குப் போயிருந்தது தெரியவந்தது. தாய்தான் குளோன், காளை அல்ல. இன்னொரு குழப்பம், இதை மரபணு மாற்றத்தோடு சேர்த்துப் பேசுவது. குளோனில் மரபணுவை மாற்றுவதில்லை, மாற்றாமல் எடுப்பதுதான் நோக்கமே.

சரி, தமிழில் என்ன சொல்வது? நகலாக்கம் என்று எழுதுகிறார்கள். ‘நகல்’ அரபியில் பிறந்து உருது வழியாக நம் அலுவலகங்களுக்கு வந்த சொல். அது கிடக்கட்டும், எனக்கு இடறுவது அதன் வாடை. நகல் என்றதும் ஜெராக்ஸ் கடையும் சான்றொப்பமும் நினைவுக்கு வரும். அசல் எங்கோ இருக்கிறது, இது அதைவிட மட்டம் என்ற தொனி ஒட்டிக்கொள்ளும்.

படியாக்கம், படியெடுப்பு என்பவை அதைவிடத் தேவலாம். ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதுவதைப் படியெடுத்தல் என்றுதான் சொன்னார்கள். ‘படி’யே வடமொழிப் பிரதியின் வழி வந்தது என்போரும் உண்டு. ஆனால் படியெடுத்தவை அச்சு அசலாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பை இந்தச் சொல்லும் கிளப்புகிறது. டெக்சாஸில் 2001 டிசம்பரில் பிறந்த சிசி என்ற குளோன் பூனைக்கு, அதன் மூலப் பூனையிடம் இருந்த ஆரஞ்சு நிறம் வரவே இல்லை. இரண்டுக்கும் மரபணுப் பாடம் ஒன்றுதான், உடல் அதை வாசித்த விதம் வேறு.

என் ஓட்டு போத்துக்கு. கிரேக்க மூலத்துக்கு நேர் பொருள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்தச் சொல் ஏற்கெனவே கொட்டிலில் நிற்கிறது. தொல்காப்பிய மரபியலில் மாடு, எருமை, புலி, மரை, புல்வாய் இவற்றின் ஆணுக்குப் போத்து என்று பெயர். நடும் கொம்புக்கும் பொலிகாளைக்கும் ஒரே சொல்! ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 2009 பிப்ரவரியில் முதல் குளோன் எருமைக் கன்றை ஈன வைத்தபோது அதற்கு இட்ட பெயர் சம்ரூபா, அதாவது ஒத்த உருவம். சில நாட்களே இருந்தது. அதே ஆண்டு ஜூனில் கரிமா பிறந்தது, 2023-இல் கங்கா என்ற கிர் பசுங்கன்று. அங்கே குறி பால்தான், கறி அல்ல.

ஆகவே குளோனாகப் பிறந்ததைப் போத்துக்கன்று என்றும், அது ஈன்றதைப் போத்துவழிக் கன்று என்றும் பிரித்துச் சொல்லலாம் என்பது என் யோசனை. லேபிள் ஒட்டுவதாக இருந்தாலும் இந்த இரண்டையும் பிரித்தாக வேண்டும். ஒரே ஒரு சிக்கல்: பாலக்காடு தாண்டினால் போத்து என்றாலே எருமைக்கடா. ‘போத்திறைச்சி விற்கலாமா’ என்று அங்கே போய் விவாதத்தைத் தொடங்கினால், கடைக்காரர் எத்தனை கிலோ என்று கேட்பார்.