உள்வரிசை எண்: சொல் விளக்கம்

தரவைச் சீர்செய்யும் கருவிகளில் ‘இன்டெக்ஸ் காலம்’ (காலம் என்பது இங்கே நெடுவரிசை) என்றொரு வசதி உண்டு. அட்டவணையின் ஒவ்வொரு ரோவுக்கும் (கிடைவரிசைக்கும்) 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டே போகும். அந்த எண் ஒவ்வொரு பிரிவுக்கும் 1-இலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால் அது வேறு வேலை. அதற்கான பெயர்களும் கருவிக்குக் கருவி மாறுகின்றன. எக்செலோடு வரும் பவர் கொயரியில் ‘இன்டெக்ஸ் பை குரூப்’ என்பார்கள். தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லிலும் டேப்லோ பிரெப்பிலும் ‘பார்ட்டிஷன்’ போட்ட ‘ரோ நம்பர்’. ஆல்ட்ரிக்ஸில் ‘டைல்’ கருவி தரும் ‘சீக்வன்ஸ் நம்பர்’. எல்லாம் ஒன்றே; அதைத்தான் இங்கே உள்வரிசை எண் என்கிறோம்.

பொருள் என்ற தலைப்பின் கீழ் மேலிருந்து பேனா, பேனா, நாற்காலி, பேனா, நாற்காலி என ஐந்து பதிவுகள் இருக்கின்றன என்று வையுங்கள். சாதாரண இன்டெக்ஸ் 1, 2, 3, 4, 5 என்று போகும். பிரிவுக்குள் எண்ணினால் 1, 2, 1, 3, 2 என்று வரும்.

இன்டெக்ஸ் இலத்தீன் சொல். அங்கே அதற்கு ஆள்காட்டி விரல் என்றே பொருள். காட்டிக்கொடுப்பவன், அடையாளம், பட்டியல் என்ற பொருள்களும் உண்டு. தமிழில் அந்த விரலுக்குச் சுட்டுவிரல் என்றும் பெயர். அ, இ, உ என்ற சுட்டெழுத்துகளிலும் இதே ‘சுட்டு’தான் நிற்கிறது. ஆகவே இன்டெக்ஸ் என்பதற்குச் சுட்டெண் என்ற சொல் வேரோடு பொருந்துகிறது. தரவுத்தளத்தில் தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸுக்கும் நிரல்மொழிகளில் பட்டியலின் இடத்தைக் குறிக்கும் இன்டெக்ஸுக்கும் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பிரிவுக்குள் ஓடும் எண்ணுக்கு மட்டும் அது போதாது. பேனாவிலும் 1 இருக்கிறது, நாற்காலியிலும் 1 இருக்கிறது. எண் தனியாக நின்று எதையும் சுட்டவில்லை. பிரிவின் பெயரோடு சேர்ந்தால்தான் சுட்டும்.

பார்ட்டிஷன், பங்கிடுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்தது. கணினியின் வட்டைப் பிரிப்பதற்கும் இதே சொல் வழங்குவதால், அட்டவணையே துண்டாகிவிடும் என்று புதிதாகப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றும் துண்டாவதில்லை. ரோக்களின் எண்ணிக்கை மாறாது; எண்ணும்போது மட்டும் கருவி பிரிவுகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒரே பிரிவின் ரோக்களை ஒன்றாகத் தொகுக்கும் ‘குரூப் பை’ செய்தால் பிரிவுக்கு ஒரு ரோ என்று சுருங்கிவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

தமிழில் ‘குழு எண்’ என்றும் ‘பிரிவு எண்’ என்றும் எழுதிவருகிறார்கள். இரண்டும் குழப்பும். பேனாவுக்கெல்லாம் 1, நாற்காலிக்கெல்லாம் 2 என்று பிரிவுக்கே போடும் எண்ணைத்தான் ‘பிரிவு எண்’ என்பது இயல்பாகக் குறிக்கும். அப்படி ஒரு எண் உண்மையிலேயே தேவைப்படுகிறது. பைத்தான் நிரல்மொழியின் பாண்டாஸ் நூலகத்தில் ‘என்குரூப்’ அதைத் தருகிறது, ‘கம்கவுண்ட்’ பிரிவுக்குள் எண்ணுகிறது. ஆல்ட்ரிக்ஸின் டைல் இரண்டையும் அருகருகே இரு காலங்களாகத் தருகிறது. ‘வரிசை எண்’ என்று மட்டும் சொன்னால் அட்டவணை முழுவதற்குமான எண்ணாகிவிடும். எனவே உள்வரிசை எண் என்பதே பொருத்தம். முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பிரிவுதோறும் உள்வரிசை எண்’ எனலாம். ‘பிரிவுவாரி’ என்பதும் எல்லாருக்கும் புரியும்; ‘வாரி’ பாரசீக வழியில் வந்த ஒட்டு, ‘தோறும்’ நம்முடையது. காலம் என்ற எழுத்துப்பெயர்ப்பு நேரத்தையும் நினைவூட்டுவதால் எழுத்தில் நெடுவரிசை என்றும், ரோவுக்குப் பள்ளிக் கணக்குப் பாடத்தில் உள்ளபடி நிரை என்றும் வைத்துக்கொள்வது நல்லது. இனி அப்படியே எழுதுகிறோம்.

‘வரிசை’ என்ற சொல்லை விடாமல் வைத்ததற்குக் காரணம் உண்டு. எந்தப் பிரிவுக்குள் எண்ணுவது, எந்த ஒழுங்கில் எண்ணுவது என்று இரண்டையும் சொன்னால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இரண்டாவதைச் சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர். ஒரு வாடிக்கையாளர் தந்த ஆர்டர்களைத் தேதிப்படி எண்ணினால் 1 என்பது முதல் ஆர்டர். தேதியைத் தலைகீழாக்கினால் 1 கடைசி ஆர்டர். ஒழுங்கே தராவிட்டால் 1 என்பது ஏதோ ஒரு ஆர்டர். எஸ்கியூஎல் சர்வர் என்னும் தரவுத்தளத்தில், ஒழுங்கைச் சொல்லும் ‘ஆர்டர் பை’ இல்லாமல் ரோ நம்பர் எழுதினால் பிழைச்செய்தி வந்து நிற்கும். எழுதியும் ஒரே தேதியில் இரண்டு ஆர்டர் இருந்தால், ஓட்டத்துக்கு ஓட்டம் எண் மாறலாம். தேதிக்குப் பின் ஆர்டர் எண்ணையும் சேர்த்து ஒழுங்குபடுத்தினால் அது தீரும்.

தரவரிசையோடும் இதைக் குழப்பக் கூடாது. ஒரு பிரிவில் தொகைகள் 500, 400, 400, 300 என்றால் உள்வரிசை எண் 1, 2, 3, 4. ரேங்க் என்னும் தரவரிசை 1, 2, 2, 4. இடைவெளி விடாத தரவரிசை 1, 2, 2, 3. முதல் இரண்டு நிரைகள் மட்டும் வேண்டுமென்று தரவரிசையை வைத்து வடிகட்டினால் மூன்று வந்து நிற்கும்.

பவர் கொயரியில் இதற்குத் தனிப் பொத்தான் இல்லை. பிரிவு நெடுவரிசையைத் தேர்ந்து குரூப் பை கொடுங்கள். செயலாக ‘ஆல் ரோஸ்’ தேர்ந்து, புதிய நெடுவரிசைக்கு ‘தொகுதி’ என்று பெயரிடுங்கள். ஒவ்வொரு அறைக்குள்ளும் (செல்லுக்குள்ளும்) ஒரு சிறு அட்டவணை உட்கார்ந்திருக்கும். பிறகு கஸ்டம் காலம் சேர்த்து, டேபிள்.ஆட்இன்டெக்ஸ்காலம் என்ற சார்புக்குள் [தொகுதி], "உள்வரிசை", 1, 1 என்று தாருங்கள். முதல் 1 தொடக்கம், அடுத்த 1 படி. தொடக்கத்தை விட்டுவிட்டால் எண் 0-இலிருந்து போகும். பழைய நெடுவரிசைகளை நீக்கி, புதியதை விரித்தால் முடிந்தது. விரித்த நெடுவரிசைகளுக்குத் தரவு வகை ‘எனி’ (எதுவும் ஆகலாம்) ஆகியிருக்கும். எண், தேதி, உரை என்று மறுபடி அமைக்க மறக்க வேண்டாம்.

தனி நெடுவரிசை சேர்க்காமல், குரூப் பை படியின் சூத்திரத்திலேயே இன்டெக்ஸ் சார்பை நுழைப்பவர்களும் உண்டு. சுருக்கமான வழிதான். ஆனால் அந்தச் சூத்திரத்தின் முடிவில் பழைய நெடுவரிசைகளின் பட்டியல் தரவு வகையாக எழுதப்பட்டிருக்கும். உள்வரிசை அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் விரிக்கும்போது கண்ணில் படாது. பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டும், அல்லது வெறுமனே ‘டேபிள்’ என்று வகையைக் குறைக்க வேண்டும்.

குரூப் பை செய்யும் முன் அட்டவணையை அடுக்கிவிட்டால் போதும் என்று நம்புவது ஆபத்து. முந்தைய படியின் அடுக்கு அடுத்த படிவரை அப்படியே நிலைக்கும் என்ற உறுதி அங்கே இல்லை. உள்ளே இருக்கும் சிறு அட்டவணையை டேபிள்.சார்ட் கொண்டு அடுக்கி, அதன்மேல் இன்டெக்ஸ் போடுவதே திடமான முறை. முன்னதாக அடுக்கியே ஆக வேண்டுமென்றால் டேபிள்.பஃபர் கொண்டு நிலைநிறுத்தலாம். முழு அட்டவணையும் நினைவகத்தில் ஏறும் என்பதால் பெரிய தரவில் அது கனக்கும்.

டேப்லோ பிரெப்பில் பிரிவும் ஒழுங்கும் ஒரே கணக்கீட்டில் அடங்கும். வெளி அடைப்பில் பார்ட்டிஷனும் பிரிவின் பெயரும், உள் அடைப்பில் ஆர்டர்பையும் தேதியும், அதற்குள் ரோ_நம்பர். எக்செலில் சிறு பட்டியலுக்கு கவுண்டிஃப் என்ற சார்பு போதும்: முதல் அறையை டாலர் குறியால் பூட்டி, $ஏ$2:ஏ2 என்ற வளரும் வீச்சில் ஏ2-ஐ எண்ணச் சொல்லிக் கீழே இழுக்க வேண்டும். (சூத்திரத்தில் ‘ஏ’ முதல் நெடுவரிசையின் ஆங்கில எழுத்து.) 1,00,000 நிரைகளுக்கு இதைப் போட்டால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் ஆகும், கோப்பு உறைந்துபோவது அதனால்தான்.

எண் சரியாக ஓடியும் விடை தவறினால் பிரிவின் பெயரைப் பாருங்கள். முடிவில் ஒட்டிய ஒரு வெற்றிடம் போதும், ‘பேனா’ இரண்டாகிவிடும். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘தொலைபேசி’யின் ‘தொ’வில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பும் காலும் எனத் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். பவர் கொயரிக்கு அவை வேறு வேறு சொற்கள். கொம்பும் காலும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஒற்றைக் குறியீடாக மாற்றிவிட்டு, வெற்றிடத்தையும் வெட்டிவிட்டுத்தான் குரூப் பை செய்ய வேண்டும். காலியான பிரிவுகளும் ஒரே பிரிவாகச் சேர்ந்து எண் வாங்கிக்கொள்ளும்.

ஒரு நெடுவரிசையின் மதிப்புகளைத் தலைப்புகளாகத் திருப்பும் ‘பிவட்’ செய்யும்போதுதான் இந்த எண் பலருக்கும் முதன்முதலில் தேவைப்படுகிறது. தொகுக்காமல் பிவட் செய்ய, ஒரே தலைப்பின் கீழ் இரண்டு மதிப்புகள் வந்து நின்றால் பவர் கொயரி அந்த அறையில் பிழை காட்டும். உள்வரிசை எண் இருந்தால் இரண்டும் தனித்தனி நிரைக்குப் போய்விடும்.

போட்ட எண்ணைச் சோதிக்க மூன்று கணக்குகள் உண்டு. உள்வரிசை 1 உள்ள நிரைகளின் எண்ணிக்கையும் தனித்த பிரிவுகளின் எண்ணிக்கையும் சமமாக வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் மிகப் பெரிய எண், அந்தப் பிரிவின் நிரை எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும். பிரிவும் எண்ணும் சேர்ந்த இணை எங்கும் இரண்டு முறை வரக் கூடாது. பாண்டாஸின் கம்கவுண்ட் 0-இலிருந்து எண்ணுவதால், அங்கே 1 கூட்டிய பிறகே இவற்றைப் பார்க்க வேண்டும்.