டேப்லெட் வாங்கும் முன் அதன் கண்ணாடி விலையைக் கேளுங்கள்

தருமபுரியில் செல்போன், டேப்லெட் பழுது பார்க்கும் கடை வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. போன வருடம் பள்ளி திறந்த சில நாட்களில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். துண்டில் சுற்றி வைத்திருந்த டேப்லெட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். எட்டாவது படிக்கும் மகனுக்காக அவர் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது. அவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 6,500 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். வாங்கி ஒன்பது மாதம்தான்.

"தம்பி, மேல் கண்ணாடி மட்டும்தான் உடைஞ்சிருக்கு. உள்ளே படம் நல்லாத் தெரியுது. ஐந்நூறு ரூபாயில முடிச்சுக் குடுங்க."

அவர் சொன்னது சரிதான். டிஸ்ப்ளேவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே இருக்கும் டச் மட்டும் போயிருந்தது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெட்டியில் பெரிதாக ஒரு பெயர் போட்டிருந்தார்கள், உள்ளே போர்டில் அந்தப் பெயர் எங்கும் இல்லை. இந்த மாதிரி டேப்லெட்டுக்கு மாடல் பெயரைச் சொல்லி ஸ்பேர் வாங்க முடியாது. டச் கண்ணாடியிலிருந்து போர்டுக்கு வரும் ஸ்டிரிப்பில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதை வைத்துத்தான் தேட வேண்டும். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே கடையில் வாங்கிய இரண்டு டேப்லெட்டில் இரண்டு வேறு எண்கள் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அக்காவின் டேப்லெட்டில் இருந்த எண்ணைப் படம் எடுத்துப் பெங்களூருக்கும் சென்னை ரிச்சி தெருவுக்கும் அனுப்பினேன். பத்து நாள் காத்திருந்தும் கிடைக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருளைக் கண்ணாடி இல்லாத ஒரே காரணத்துக்காகத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து, டேப்லெட் வாங்கலாமா என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாடலின் பெயரோடு ஏதாவது ஒரு சர்வீஸ் கடைக்குப் போங்கள். டிஸ்ப்ளே கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். "நாளைக்கே வரவழைத்துத் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று பதில் வந்தால் அது வாங்கக்கூடிய டேப்லெட். "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றால் யோசியுங்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் பொருள் என்றைக்காவது கீழே விழும்.

அந்த விலையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில டேப்லெட்டுகளில் மேல் கண்ணாடியும் உள்ளே இருக்கும் டிஸ்ப்ளேவும் தனித்தனியாக இருக்கும். கண்ணாடி உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம், செலவு குறைவு. வேறு சிலவற்றில் இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருப்பார்கள். படம் பளிச்சென்று கண்ணுக்கு அருகில் தெரியும், ஆனால் சின்ன விரிசல் என்றாலும் இரண்டும் சேர்ந்த முழு காம்போவைத்தான் பெரும்பாலும் மாற்ற வேண்டி வரும். அது டேப்லெட் விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆகும், சிலவற்றுக்குப் பாதியைக்கூடத் தொடும். ஒட்டியது கெட்டது என்று சொல்லவில்லை. தெரிந்து வாங்கினால், முதல் நாளே ஒரு நல்ல கவரும் டெம்பர் கிளாஸும் போட்டுவிடுவீர்கள்.

இப்போது அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6,500 ரூபாய், ஒன்பது மாதம். மாதத்துக்கு 700 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. அதே வீட்டில் 13,000 ரூபாய்க்கு ஒரு டேப்லெட் வாங்கி, நடுவில் ஒருமுறை 4,000 ரூபாய்க்கு டிஸ்ப்ளேவும் மாற்றி, நான்கு வருடம் ஓட்டியிருந்தால் மாதம் 355 ரூபாய்கூட ஆகியிருக்காது. ஒரே தடவையில் 13,000 எடுத்து வைப்பது கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்கிறேன். 6,500 ரூபாயும் அவர்கள் மிச்சம் பிடித்த பணம்தான்.

குறைந்த விலை டேப்லெட் என்ற ஆசை நம் நாட்டில் புதிதில்லை. 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகப்படுத்தியது. அரசு வாங்கிய விலை 2,250 ரூபாயை ஒட்டி இருந்தது. 256 எம்பி ரேம், நகத்தால் அழுத்தினால்தான் கேட்கும் டச். நோக்கம் நல்லது, ஆனால் கையில் எடுத்துப் படிக்க முடியாத வேகம். இன்றைக்குப் பதின்மூன்றாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் எவ்வளவோ முன்னேறிவிட்டது. சிக்கல் அதற்குக் கீழே, ஐந்தாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவில்தான்.

அந்த விலையில் வரும் பெயர் தெரியாத டேப்லெட்டுகளில், பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் பல நேரம் ஒன்றாக இருக்காது. "12 ஜிபி ரேம், 512 ஜிபி ஸ்டோரேஜ், பத்து கோர்" என்று அச்சடித்திருப்பார்கள். அமைப்புகளில் போய்ப் பார்த்தாலும் அதையேதான் காட்டும், ஏனென்றால் காட்டும் எண்ணையே மாற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். என்னிடம் வந்த ஒன்றைத் திறந்து, மெமரி ஐசி (சிப்) மேல் இருந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன். உள்ளே இருந்தது 2 ஜிபி ரேமும் 32 ஜிபி ஸ்டோரேஜும். வீட்டில் ஐசியைப் பார்க்க முடியாது, ஆனால் ஒரு வழி உண்டு. ஒரு பெரிய வீடியோவைத் திரும்பத் திரும்ப நகல் எடுத்து ஸ்டோரேஜை நிரப்பிப் பாருங்கள். பொய்க் கணக்கு என்றால் உண்மையான அளவு தீர்ந்ததும் பிழை காட்டும், அல்லது பின்னால் எடுத்த நகல்கள் ஓடாது.

இன்னொரு சோதனையைக் கடையிலேயே செய்துவிடலாம். ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் 'அறிமுகம்' பகுதிக்குப் போனால் 'ப்ளே ப்ரொடெக்ட்' என்ற கூகுள் சான்றிதழ் பற்றி ஒரு வரி இருக்கும். சான்று பெற்ற சாதனம் என்று இல்லாவிட்டால் அந்த டேப்லெட்டில் வங்கிக் கணக்கு, ஜிபே எதையும் தொடாதீர்கள். 2023-இல் 'பேட்பாக்ஸ்' என்ற தீங்கு மென்பொருள், பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் தொழிற்சாலையை விட்டு வரும்போதே உள்ளே இருந்ததாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். டேப்லெட்டிலும் இருந்தது. அப்படி வருவதை நம்மால் ரீசெட் செய்து எடுக்க முடியாது.

பின்பக்கம் அல்லது பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அரசின் கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் டேப்லெட்டும் சார்ஜரும் வருகின்றன. 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது, என்ன பொருள் என்று வரும். எண் இல்லை என்றாலோ, வேறு பொருளின் விவரம் வந்தாலோ வாங்க வேண்டாம்.

அடுத்தது வைஃபையா, சிம்மா என்ற கேள்வி. எங்கள் மாவட்டத்தில் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், கடைக்காரர் பொய் சொல்லாமலே. ஒரே மாடல் இரண்டு விதமாக வரும். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ7 லைட் 2021-இல் வந்தபோது வைஃபை மட்டும் உள்ளது 11,999, சிம் போடக்கூடியது 14,999. மூவாயிரம் மிச்சம் என்று வைஃபையை வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருக்காது, அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பிள்ளை படிக்கும். திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் அப்பா பெங்களூருக்குக் கிளம்புவார், நெட்டும் அவரோடு கிளம்பிவிடும். மறுபடி சனிக்கிழமை ராத்திரிதான். வாரம் முழுக்க அந்த டேப்லெட் அலமாரியில் கிடக்கும்.

அதற்காக எல்லோரும் சிம் டேப்லெட் வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 28 நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 13 ரீசார்ஜ், 3,900 ரூபாய். மூன்று வருடத்தில் 11,700. இன்னொரு டேப்லெட்டின் விலை. வீட்டிலேயே இருக்கும் அம்மாவிடமோ தாத்தாவிடமோ ஸ்மார்ட்போன் இருந்தால் வைஃபை போதும். பட்டன் போன் மட்டும்தான் என்றால் சிம் உள்ளதை வாங்குங்கள். பேசும் வசதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இருந்தால் வீட்டுக்கே ஒரு போன் ஆகிவிடும். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலை ஊர்க்காரர்கள், எந்த நெட்வொர்க் உங்கள் வீட்டுக்குள் எடுக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரேம், பிராசசர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிப்புக்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் குறைந்தபட்சம். 32 ஜிபி என்றால் ஆண்ட்ராய்டே கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் "இடம் இல்லை" என்று வரும். "4 + 4 ரேம்" என்பதில் இரண்டாவது நான்கு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அதை 8 என்று கூட்டாதீர்கள். 'ஆக்டா கோர்', அதாவது பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதிகள் எட்டு, என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். ஹீலியோ பி22டி என்ற பிராசசரில் இருக்கும் எட்டும் சிறிய கோர்கள். ஹீலியோ ஜி99-இல் இரண்டு வலுவான கோர்களும் ஆறு சிறியவையும் உண்டு. எண்ணிக்கை ஒன்றுதான், கையில் எடுத்தால் தெரியும் வேகம் வேறு.

மாடல் எந்த வருடம் வந்தது என்று அவசியம் பாருங்கள். நான் மேலே சொன்ன ஏ7 லைட் 11,999 ரூபாய்க்குக் கொடுத்தது 3 ஜிபி ரேம், 32 ஜிபி, 8.7 அங்குலத் திரை. 2024 ஏப்ரலில் ரெட்மி பேட் எஸ்இ 12,999 ரூபாய்க்கு வந்தது. 4 ஜிபி ரேம், 128 ஜிபி, 11 அங்குல முழு எச்டி திரை, 8,000 எம்ஏஎச் பேட்டரி. ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம், நடுவில் மூன்று வருடம். சில கடைகளில் பழைய ஸ்டாக்கைப் புதிய விலைக்கு நெருக்கமாகவே விற்றதை நானே பார்த்திருக்கிறேன். பழையது என்றால் பாதுகாப்பு அப்டேட் வரும் காலமும் அவ்வளவு குறைந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய பேட்டரியிலும் ஒரு விஷயம் உண்டு. 8,000 எம்ஏஎச்சை 10 வாட் சார்ஜரில் நிரப்ப நான்கு மணி நேரம் பிடிக்கும். அதைப் பொறுக்காமல் சந்தையில் விற்கும் நூறு ரூபாய் சார்ஜரைப் போடுகிறார்கள். மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும் கிராமங்களில் அந்த சார்ஜர்தான் சார்ஜிங் ஐசியைக் காலி செய்கிறது. திரை ஓரமாக மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

நல்ல பிராண்டில் பழையது வாங்குவதும் நல்ல வழிதான். விற்பவர் உங்கள் கண் முன்னால் தன் கூகுள் கணக்கை நீக்கி ரீசெட் செய்து, நீங்கள் புதிதாகத் திறந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பயிற்சி நிறுவனங்கள் பாடத்தோடு கொடுத்த டேப்லெட்டுகள் விற்பனைக்கு வரும். அவற்றில் பல அந்த நிறுவனத்தின் பூட்டோடு இருக்கும், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். சிம் டேப்லெட் என்றால் ஐஎம்இஐ என்ற அடையாள எண் இருக்கும். 'கேஒய்எம்' (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தடை செய்யப்பட்ட எண்ணா என்று தெரிந்துவிடும். வைஃபை டேப்லெட்டுக்கு அந்த எண்ணே கிடையாது, அதனால் பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

பில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். புதியது வாங்கும்போது "பில் இல்லாமல் என்றால் முந்நூறு குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மாடல் பெயர், சீரியல் எண்ணோடு பில் வாங்குங்கள். வாரண்டிக்கு எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். சேலத்துக்கோ ஓசூருக்கோ போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். பில் இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

அந்த அக்காவிடம் பில் இல்லை. இந்த வருடம் மறுபடி வந்தார், பட்டுக்கூடு அங்காடியில் கூடு போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். கையில் ஒரு காகிதத்தில் மூன்று மாடல் பெயர்களை மகன் எழுதிக் கொடுத்திருந்தான். மூன்றுக்கும் டிஸ்ப்ளே விலை கேட்டு எழுதிக்கொண்டு போனார்.