வடசென்னையில் சொத்து வரி: தெருவாகச் சேர்ந்து கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

"அதே தெரு, அதே அளவு வீடு. அவருக்கு ஆயிரத்து இருநூறு, எனக்கு மட்டும் ஆயிரத்து அறுநூறா?" ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு வரி தொடங்கும்போது, தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இந்தக் கேள்வி எழாத தெரு குறைவு. கேட்பவர்கள் புலம்பலாகத்தான் கேட்கிறார்கள். உண்மையில் சொத்து வரி விஷயத்தில் ஒருவர் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி இதுதான். இதை எழுத்தில், உரிய இடத்தில், ஆதாரத்தோடு கேட்பதற்கான வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் இரண்டு புகார்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வரி விகிதம் அதிகம் என்பது ஒன்று. என் வீட்டை மதிப்பிட்ட கணக்கு தவறு என்பது மற்றொன்று. விகிதத்தை மாநில அரசும் மாமன்றமும் முடிவு செய்கின்றன. மண்டல அலுவலகத்தில் இருக்கும் உதவி வருவாய் அலுவலரிடம் அதைப் பற்றி எவ்வளவு சத்தம் போட்டாலும் ஒரு ரூபாய் குறையாது, ஏனென்றால் குறைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. மதிப்பீட்டுக் கணக்கு அப்படியல்ல. அதைத் திருத்தும் வேலை அதே அலுவலகத்தில்தான் தொடங்குகிறது. நம் பகுதிச் சங்கங்கள் பல, முதல் புகாரைச் சுமந்துகொண்டு இரண்டாவது புகாருக்கான கதவைத் தட்டித் திரும்பிவிடுகின்றன.

விகிதத்தின் கதையையும் சுருக்கமாகத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சென்னையில் 1998இல் பொதுச் சீராய்வு, அதாவது எல்லாச் சொத்துகளின் வரியையும் மறுமதிப்பிடும் வேலை நடந்தது. 2018இல் ஓர் உயர்வு அறிவிக்கப்பட்டு, 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில்தான் பெரிய உயர்வு வந்தது. சொத்து வரியைச் சீராக உயர்த்தினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று 15ஆவது நிதி ஆணையம் வைத்த நிபந்தனையை அரசு அப்போது காரணமாகக் காட்டியது. அதன் பிறகு, 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டில் 6 சதவீதம் கூடியது.

2022 உயர்வில் வடசென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கோடு இருக்கிறது. பழைய மாநகராட்சிப் பகுதியான தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் பக்கங்களில், குடியிருப்புக் கட்டடம் 600 சதுர அடிக்குள் இருந்தால் 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்று உயர்ந்தது. 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட திருவொற்றியூர், மணலி, மாதவரம் போன்ற பகுதிகளில் இதே வரிசை 25, 50, 75, 100 என்று குறைவாக இருந்தது. ஆகவே கொடுங்கையூரில் இருப்பவர், மாதவரத்தில் இருக்கும் தம்பியின் ரசீதைக் காட்டி நியாயம் கேட்டால் எடுபடாது. ஒப்பீடு என்றால் ஒரே தெரு, அல்லது ஒரே தெரு மதிப்பு (வரிக் கணக்குக்காகத் தெருவுக்கு நிர்ணயித்த சதுர அடி மதிப்பு) உள்ள அடுத்த தெரு. அதைத் தாண்டக் கூடாது.

இனி கணக்கு. கட்டடத்தின் பரப்பை, அந்தத் தெருவுக்கென்று நிர்ணயித்த சதுர அடி மதிப்பால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு வரும். அதை 10.92ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. பன்னிரண்டு மாதத்துக்கு ஏன் 10.92 என்றால், கட்டடத் தேய்மானத்துக்கான கழிவைப் போக்கிய பிறகு நிற்கும் எண் அது. ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால் அதில் 12.4 சதவீதம் அரையாண்டு வரி. பொது வரி 9, கல்வி வரி 2.5, நூலக வரி 0.9 என்று அது பிரிகிறது. ஆண்டு மதிப்பு குறைந்தால் சதவீதமும் குறையும்.

தண்டையார்பேட்டையில் 590 சதுர அடி வீடு ஒன்று. 2022க்கு முன் குடியிருப்புகளுக்கான தெரு மதிப்பு 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை இருந்தது. இந்தத் தெருவுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சலுகைகளை ஒதுக்கிவிட்டால், மாத மதிப்பு 590 ரூபாய், ஆண்டு மதிப்பு சுமார் 6,443, அரையாண்டு வரி 799. அதே வீட்டைப் பதிவேட்டில் யாரோ 690 சதுர அடி என்று எழுதியிருந்தால் வரி 934. வித்தியாசம் வெறும் 135 ரூபாய், போகட்டும் என்று அப்போது விட்டிருப்பார்கள். 2022இல் என்ன நடந்தது? 590 சதுர அடிக்கு 50 சதவீதம் கூடி 1,198 ஆனது. 690 என்று பதிவான வீடு 600ஐத் தாண்டிவிட்டதால் 75 சதவீதம் கூடி 1,635 ஆனது. மேலே 6 சதவீதத்தையும் ஏற்றினால் 1,270க்கும் 1,733க்கும் நடுவே 463 ரூபாய் இடைவெளி, அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நூறு சதுர அடிப் பிழை செய்த வேலை இது. அடுத்த உயர்வு வந்தால் அதுவும் இந்தப் பிழையின் மேல்தான் ஏறி உட்காரும்.

பிழை அங்கேயும் நிற்பதில்லை. சென்னைக் குடிநீர் வாரியம் வசூலிக்கும் குடிநீர், கழிவுநீர் வரி ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். மாநகராட்சியின் ஆண்டு மதிப்பு தவறினால் வாரியத்தின் பில்லும் தவறும்.

எங்கெங்கே பிழை வருகிறது? வடசென்னையின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தாத்தா பெயரில் ஒரே மதிப்பீடு, இன்று மூன்று பேரன்கள் மூன்று போர்ஷனில். கீழே முன்னறையில் ஒரு மளிகைக் கடை இருந்தது, மூடிப் பல வருடம் ஆகிறது, பதிவேட்டில் அது இன்னும் வணிகப் பயன்பாடு. குடியிருப்பு அல்லாத பயன்பாட்டுக்குத் தெரு மதிப்பு பல மடங்கு அதிகம் என்பதால், பரப்புப் பிழையைவிட இந்தப் பிழை அதிகமாகக் கடிக்கும். இடித்துவிட்ட பின்கட்டு, மழைக்குப் பிரித்துப்போட்ட தகரக் கூரை, ஒரே பரப்பை இரண்டு மதிப்பீட்டு எண்களில் (வரிப் பதிவேட்டில் ஒவ்வொரு சொத்துக்கும் தரும் எண்) எழுதுவது, மூலைவீட்டை அகலமான சாலையின் மதிப்பில் சேர்ப்பது, இவையும் உண்டு. உங்கள் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது, பதிவேடு எந்தத் தெருவைச் சொல்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

தனி ஆளாக இதைச் செய்வதில் ஒரு குறை இருக்கிறது. தன் வீட்டுப் பரப்பைத்தான் அவரால் நிரூபிக்க முடியும், தன்னை மட்டும் கூடுதலாக மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று காட்ட முடியாது. அதற்குத் தெருவின் மற்ற ரசீதுகள் வேண்டும். குடியிருப்போர் நலச்சங்கம் உதவும் இடம் இதுதான். ஒரு நோட்டில் தெருவின் வீடுகளை வரிசையாக எழுதி, கதவு எண், கட்டடப் பரப்பு, மாடிகள், சொந்தக் குடியிருப்பா வாடகையா கடையா, அரையாண்டு வரி எவ்வளவு என்று நிரப்பினால் போதும். மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் ஆகியவற்றைக் கொடுத்தால் மாநகராட்சி இணையதளத்தில் வரி விவரம் தெரியும். வரியைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒரே வகை வீடுகளில் எவை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன என்பது உடனே தெரிந்துவிடும்.

இதைத் தொடங்குவதற்கு முன் சங்கத்தில் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டிய ஒன்று உண்டு. ஒப்பிட்டால் கூடுதலாகக் கட்டுபவர்கள் மட்டும் வெளியே வர மாட்டார்கள், குறைவாகக் கட்டுபவர்களும் வருவார்கள். மேலே இரண்டு மாடி எழுப்பிவிட்டு, தரைத்தளத்துக்கு மட்டும் வரி கட்டிக்கொண்டிருப்பவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். சில இடங்களில் அவரே சங்கத்தின் பொருளாளராகவும் இருக்கிறார்! அவர் நோட்டைத் தொடவிட மாட்டார். தெருக்கள் பல இந்த முயற்சியில் பாதியில் கலைவதற்குக் காரணம் அதிகாரிகளைவிட இந்தச் சங்கடம்தான் என்பது என் கணிப்பு. இதற்கு ஒரு நடைமுறை வழி இருக்கிறது. நோட்டு சங்கத்துக்குள்ளேயே இருக்கட்டும். விண்ணப்பத்தில் அடுத்தவர் பெயரை எழுத வேண்டாம். இந்தத் தெருவுக்கு நிர்ணயித்த மதிப்பு என்ன, என் வீட்டுக்கு எந்த மதிப்பைப் போட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆனால் மாடியை மறைத்தவரைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். நியாயமான மதிப்பீடு கேட்கும் சங்கம் அதைச் செய்ய முடியாது.

அடிப்படை விவரம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் தெருவுக்கான குடியிருப்பு, குடியிருப்பு அல்லாத மதிப்பு, அதை நிர்ணயித்த ஆணை, உங்கள் மதிப்பீட்டு எண்ணுக்கான கணக்குத் தாளின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 'ஏன் இவ்வளவு வரி' என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் சொல்லாது.

பிறகு விண்ணப்பம். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். நாற்பது கையெழுத்துடன் ஒரே மனு கொடுத்தால் பத்திரிகைப் படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் மதிப்பீடு என்பது எண் வாரியானது. ஒவ்வொருவரும் தன் மதிப்பீட்டு எண்ணுக்குத் தனி விண்ணப்பம் தர வேண்டும். பத்திர நகல், கட்டட வரைபடம் இருந்தால் அது, மின் இணைப்பின் வகையைக் காட்டும் ரசீது, கடைசி வரி ரசீது ஆகியவற்றை இணைத்து, நேரில் வந்து அளக்கும்படி கேட்பது முக்கியம். வரி மதிப்பீட்டாளர் அளக்க வரும் நாளில் சங்கத்தில் ஒருவர் கூட இருந்து, அளந்த எண்களை அங்கேயே குறித்துக்கொள்ளட்டும். விண்ணப்பத்துக்கு ஒப்புதல் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். கூட்டு மனுவுக்கும் ஒரு பொருத்தமான இடம் உண்டு. தெருவின் அடிப்படை மதிப்பே பக்கத்துத் தெருக்களோடு பொருந்தவில்லை என்றால், அது எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை. அதை ஆணையருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் சேர்ந்தே எழுதலாம். பகுதி சபை, வார்டு குழுக் கூட்டங்களில் எழுப்பி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லலாம்.

புதிய மதிப்பீடோ உயர்வோ சொல்லி அறிவிப்பு வந்திருந்தால் அவசரம் அதிகம். ஆட்சேபம் தெரிவிக்க எத்தனை நாள் என்று அதிலேயே இருக்கும். அந்த நாள் கடந்தால் வாதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயன் குறைவு. அறிவிப்பு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். மண்டல அளவில் முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீடு, அதற்கும் மேல் நீதிமன்றம் என்று படிகள் உண்டு.

சாலை சரியில்லை, கழிவுநீர் தேங்குகிறது, எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் வீட்டுக்குள் வருகிறது, கன்டெய்னர் லாரிகளால் சுவர் விரிசல் விடுகிறது, இதற்கு வரி வேறா என்று கேட்பதில் நியாயமான கோபம் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் புகுந்த எண்ணூர் வீடுகளைப் பார்த்த யாருக்கும் அந்தக் கோபம் வரும். ஆனால் சொத்து வரி, வழங்கும் சேவைக்கான கட்டணம் அல்ல. மதிப்பீட்டு விண்ணப்பத்தில் இதைச் சேர்த்தால் அதிகாரி அதற்கு மட்டும் பதில் எழுதி, பரப்புப் பிழையை விட்டுவிடுவார். தெரு மதிப்பைக் குறைக்கக் கோரும் கூட்டு மனுவில் சொல்லலாம், அங்கே அது பொருந்தும்.

இத்தனையும் நடக்கும்போது வரியைக் கட்டிக்கொண்டே இருங்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 30க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. ஆட்சேபம் இருக்கிறது என்று தனிக் கடிதத்தில் எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டுக் கட்டலாம். மதிப்பீடு குறைந்தால், கூடுதலாகக் கட்டிய தொகையை அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளும்படி அந்த விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். கேட்காத தொகையை யாரும் தேடி வந்து திருப்பித் தர மாட்டார்கள்.