வேட்டி கட்டிய வேட்பாளரிடம் மைக்கைக் கொடுக்காதீர்கள்

கோயில்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் கணக்குப் பார்ப்பது என் தொழில். ரொறன்ரோவில் தேர்தல் வந்தாலே தலையிடி தொடங்கிவிடும். போன கிழமை ஒரு கோயிலின் செலவுப் பதிவில் ஒரு வரி: "வேட்பாளர் வரவேற்பு - மாலை, பொன்னாடை, சாப்பாடு." தேதி, தொகை எல்லாம் சுத்தம். பிழையைக்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதி வைப்பது நம்மவர்கள்தான்.

கனடாவில் கோயில் போன்ற பதிவுசெய்த அறக்கொடை அமைப்பு எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கக் கூடாது, எதிர்க்கவும் கூடாது. மீறினால் பதிவே போகலாம். பிறகு நன்கொடை தருபவருக்கு வரி ரசீது கொடுக்க முடியாது. அதன் விளைவைப் பொருளாளர்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"அவர் வோட்டுக் கேட்கவில்லையே ஐயா, கும்பிடத்தானே வந்தவர்" என்கிறார்கள். எனக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான். அவர் ஏன் கேட்க வேண்டும்? அவருக்காக நீங்களே கேட்டுவிடுகிறீர்களே! பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து "எமது சமூகத்தின் உற்ற நண்பர்" என்கிறீர்கள். அவர் ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி "வனாக்கம்" என்றதும் கைதட்டல். இரவே கோயிலின் முகநூல் பக்கத்தில் படம், கீழே "வெற்றிபெற வாழ்த்துகள்". வோட்டு என்ற சொல் வாயில் வந்ததா என்பதல்ல கேள்வி. கோயிலின் மேடையும் மைக்கும் முகநூல் பக்கமும் ஒரே வேட்பாளருக்குப் போயினவா என்பதுதான். "அவர் எங்கள் எம்.பி. தானே" என்றும் சொல்ல முடியாது. நாடாளுமன்றம் கலைந்த பின் அவர் எம்.பி. இல்லை, வேட்பாளர்.

இந்தப் பாசம் எங்கே தயாராகிறது என்பதையும் பாருங்கள். 2011 தேர்தலில் அப்போதைய கன்சர்வேட்டிவ் பிரதமர் ஹார்ப்பரின் கூட்டம் ஒன்றுக்கு, பாரம்பரிய உடையில் ஆட்களை அனுப்பும்படி ஒரு எற்றோபிகோ வேட்பாளர் தரப்பிலிருந்து இனக்குழு அமைப்புகளுக்கு மின்னஞ்சல் போனது. பிரதமருக்குப் பின்னால் இருந்தால் தொலைக்காட்சியில் எடுப்பாகத் தெரியுமாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2013இல் வெளியில் கசிந்த, இனக்குழு வோட்டுகளைப் பிடிப்பதற்கான லிபரல் கட்சித் திட்டத்தில், பழைய அநீதிகளுக்கு மன்னிப்புக் கேட்பதுகூடச் சுலபமாகப் பெயர் வாங்கும் வழியாக இருந்தது. பல்கலாசார அமைச்சர் பதவி விலகினார், கட்சி 70,000 டொலரை அரசுக்குத் திருப்பிக் கட்டியது. எந்தக் கட்சியும் இதில் விலக்கில்லை.

சரி, வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பச் சொல்கிறேனா? இல்லை. வரட்டும், கும்பிடட்டும், திருநீறு பூசட்டும், அன்னதான வரிசையில் நின்று சாப்பிடட்டும். மைக் மட்டும் வேண்டாம். பேச வைத்தே ஆக வேண்டுமென்றால் தொகுதியின் எல்லா வேட்பாளருக்கும் ஒரே கடிதம், ஒரே அளவு நேரம். கடிதப் பிரதிகள் கோப்பில் இருக்க வேண்டும். மண்டபம் கேட்டால் கலியாணத்துக்கு வாங்கும் அதே வாடகையை வாங்குங்கள். இலவசமாகக் கொடுத்தால் அது தேர்தல் நன்கொடை. மத்திய தேர்தலில் 2007 முதல் தனி ஆட்கள் மட்டுமே நன்கொடை தரலாம், அமைப்புகள் தரக் கூடாது. நிர்வாகத்தில் இருப்பவர் தன் வீட்டு முற்றத்தில் யாருடைய தேர்தல் பலகையையும் நடலாம், கோயில் பதவியைச் சொல்லிப் பிரசாரம் செய்யக் கூடாது.

அறக்கொடை அமைப்புகளுக்கான 2018 சட்டத் திருத்தத்தை ஏன் ஒருவரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உங்கள் நோக்கத்தோடு தொடர்புள்ள அரசுக் கொள்கை பற்றி, கட்சி சாராமல், எவ்வளவும் பேசலாம் என்று அது வழி திறந்துவிட்டது. குருக்கள்மாரின் விசாத் தாமதத்தை எல்லா வேட்பாளரிடமும் கேளுங்கள். பொன்னாடை போர்த்தும்போது அதைக் கேட்டவர் யாரையும் நான் காணவில்லை.

2026 ஒக்டோபரில் ஒன்ராறியோவில் நகரசபைத் தேர்தல். கவுன்சிலர் வேட்பாளருக்கும் இதே விதிதான். தயவுசெய்து அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வையுங்கள். தேர் அன்று வாசலில் நின்று என்னைத் தொலைபேசியில் கேட்காதீர்கள்.